அரிசிச் சோறு சாப்பிடும் வீட்டில் கோதுமை எங்கிருந்து வருகிறது? சீலியாக் பத்தியம் தவறும் இடங்கள்

சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் புண்படும் நோய்) என்று உறுதியானதும் டாக்டர் சொல்வது ஒரே வரி: "இனி கோதுமை, பார்லி கூடவே கூடாது." கேட்டதும் தமிழ் வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கிறது. "நாம அரிசி சாப்பிடுறவங்கதானே, சப்பாத்தியையும் பரோட்டாவையும் விட்டா முடிஞ்சுது." ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை எண் இறங்காமல் நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வீட்டில் எல்லோருடைய கண்ணும் நோயாளி மேல் போகிறது: வெளியே எங்கோ ஒளித்துச் சாப்பிடுகிறார் போல.

பெரும்பாலும் அவர் ஒளித்து எதையும் சாப்பிட்டிருக்க மாட்டார். சாம்பார், தோசைக்கல், மாவு மில் வழியாகக் கோதுமை தட்டுக்கு வந்திருக்கும். பத்தியத்தில் நிற்க உதவ வேண்டும் என்றால் நோயாளிக்கு அறிவுரை சொல்வதைக் குறைத்துவிட்டு, வீட்டில் மாவு போகும் வழியை முதலில் பார்க்க வேண்டும்.

கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் இருக்கும் ஒருவகைப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் குளூட்டன். இதைக் குடல் முழுதாகச் செரிக்க முடியாது. செரிக்காமல் மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. சீலியாக் உள்ளவருக்கோ உடலின் எதிர்ப்பாற்றல் அந்தத் துண்டுகளைப் பகையாக எடுத்துக்கொண்டு, சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதனால்தான் பெரியவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கே இல்லாமல், தீராத இரத்தசோகையாகவும் எலும்புத் தேய்மானமாகவும் ஓயாத அசதியாகவும் இது வெளிப்படுகிறது. இது அலர்ஜி இல்லை. கோதுமை அலர்ஜி என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்போ மூச்சுத்திணறலோ வரும். சீலியாக் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் அரிக்கும்.

தென்னிந்தியாவில் இது அரிது என்பது உண்மைதான். 2016-ல் வெளியான, 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த இந்திய ஆய்வில், வடக்கே ஆயிரம் பேரில் சுமார் 8.5 பேருக்கு நோய் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு 0.11 மட்டுமே. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் ஹெச்எல்ஏ மரபணு வகைகள் எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தன. பெரிய வித்தியாசம் கோதுமை அளவில்தான்: வடக்கே நாளுக்குச் சுமார் 455 கிராம், தெற்கே 25 கிராம். இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், ஹரியானாவில் ஒருவர் "எனக்குச் சீலியாக்" என்றால் அதே ஊரில் இன்னொருவருக்கும் இருக்கும். கடையில் மாற்று மாவு இருக்கும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவரே குறைவு. உணவு சுலபம், சூழல் கடினம்.

எவ்வளவு கோதுமை 'கொஞ்சம்'?

இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு கிராம் கோதுமை மாவில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் 2,400 மில்லிகிராம். நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சுவர் கெடுகிறது என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது ஒரு சப்பாத்தியை 48 துண்டாகக் கிழித்து, அதில் ஒரு துண்டை மட்டும் தினமும் தின்றாலே போதும், பத்தியம் வீண். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு வராது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. மாவாகப் பார்த்தால் அது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகைக்கும் குறைவு.

உணவுப் பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அளவும் அதுதான். அப்படிப்பட்ட மாவில் நாளெல்லாம் கால் கிலோ சாப்பிட்டாலும் 5 மில்லிகிராமைத் தாண்டாது. 'குறைந்த குளூட்டன்' என்று போட்டிருப்பது வேறு வகை. அது கிலோவுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை போகும். சீலியாக் உள்ளவர் அதை எடுக்க வேண்டாம்.

இப்போது மாவு மில்லுக்கு வருவோம். சீலியாக் வந்தவர் வீட்டில் முதலில் வாங்குவது கேழ்வரகு. நல்ல தேர்வு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. இரண்டு கிலோ கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகிறார்கள். நமக்கு முன்னால் நின்றவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருக்கிறார். கல்லிடுக்கிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் வெறும் 20 கிராம் தங்கியிருந்தால் என்ன ஆகும்? நம் மாவில் நூற்றில் ஒரு பங்கு கோதுமை. அதில் 100 கிராம் எடுத்து இரண்டு அடை தட்டினால் 80 மில்லிகிராம் குளூட்டன். 'குளூட்டன் இல்லாதது' என்று போட அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 40 மடங்கு. உடம்புக்கு நல்லது என்று நம்பி, தினமும் காலையில், மனசாரச் சாப்பிடும் கேழ்வரகு அடை அது. "முதலில் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டிவிடுங்கள்" என்று மில்காரரிடம் சொல்வது வழக்கம். அதனால் தங்கிய மாவு குறையுமே தவிர, முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வீட்டு மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்துக்கொள்வதே வழி. அல்லது பொட்டல மாவுக்கே மாதம் மாதம் செலவழிக்காமல், அந்தப் பணத்தைச் சேர்த்துச் சின்ன வீட்டு மாவு இயந்திரம் ஒன்று வாங்கி, அதில் கோதுமையே போடாமல் வைத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு பொது விதி எடுக்கலாம்: முழுத் தானியமாக வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள். கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, உளுந்து எதுவானாலும், மளிகைக் கடையில் கோதுமைக்குப் போட்ட அதே அள்ளியால்தான் இதையும் அள்ளியிருப்பார்கள். முழுத் தானியமாக இருந்தால் முறத்தில் பரப்பி, வந்து கலந்த கோதுமை மணியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். ஒட்டிய தூசு மூன்று தண்ணீரில் கழுவினால் போகும். மாவாக வந்துவிட்டால் பொறுக்கவும் முடியாது, கழுவவும் முடியாது. மாவாகத்தான் வாங்க வேண்டும் என்றால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலமே வேண்டும்.

பெருங்காயமும் மற்ற ஒளிவிடங்களும்

கடையில் டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினின் காரம் கைக்கு அடங்காது என்பதால், கருவேலம் பிசினும் ஏதாவது ஒரு மாவும் சேர்த்தே தூளாக்குகிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.

நேர்மையாகக் கணக்குப் போடுவோம். நாலு பேர் சாம்பாருக்குக் கால் கிராம் தூள். அதில் பாதி மாவு என்றே வைத்துக்கொண்டால் மொத்தப் பானைக்கும் 10 மில்லிகிராம் குளூட்டன், ஒருவர் பங்குக்கு இரண்டரை. பயப்படும் அளவு இல்லை. ஆனால் பெருங்காயம் ஒரு பானையோடு நிற்பதில்லை. ரசம், மோர், ஊறுகாய், இட்லிப்பொடி, சுண்டல் தாளிப்பு என்று காலையிலிருந்து இரவு வரை வருகிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளின் எல்லை இதிலேயே தீர்ந்துவிடும். அரிசி மாவோ வெந்தயமோ சேர்த்த பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் பெருங்காயத்தையே விட்டுவிட்டு, தாளிப்பில் இரண்டு பல் பூண்டு நசுக்கிப் போட்டால் சுவை பெரிதாகக் குறையாது.

பெயர்கள் செய்யும் குழப்பமும் உண்டு. ரவை கோதுமைதான் என்பதே பலருக்குத் தெரியாது. வெள்ளையாக இருப்பதால் அரிசி என்று நினைத்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சம்பா ரவையும் கோதுமை. சம்பா அரிசியோடு அதற்கு உறவில்லை. அரிசி ரவை மட்டும்தான் சரி. ராகி சேமியா, தினை நூடுல்ஸ் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் பலவற்றில், பின்பக்கம் படித்தால் பாதிக்கு மேல் மைதா அல்லது கோதுமை. சத்துமாவில் வறுத்த கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து வருபவை. நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் வீட்டிலேயே வைத்துக் கொடுக்கும் பார்லித் தண்ணீரை யாரும் உணவாகவே எண்ணுவதில்லை, அதனால் 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் அது பட்டியலில் வராது. பீரும் பார்லிதான். சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்றாலும், வயலிலிருந்து ஆலை வரை கோதுமையோடு கலந்தே வருகிறது. தனியாகச் சான்று பெற்றது தவிர மற்றதைத் தொட வேண்டாம்.

இனிப்புகளை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. ஜாமூன், பாதுஷா, சோன்பப்டி, திருநெல்வேலி அல்வா, கேசரி, சேமியா பாயசம் ஆகாது. அதிரசம், மைசூர்பாகு, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் ஆகும், வீட்டில் செய்ததானால். அதிரசம் பச்சரிசிதான், ஆனால் விரியாமல் இருக்கக் கொஞ்சம் மைதா தூவுகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சமையலில் ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. புட்டும் இடியப்பமும் அரிசி மாவில் மட்டுமல்ல, அவித்த கோதுமை மாவிலும், இரண்டும் கலந்தும் செய்வார்கள். தட்டில் வைத்தபின் பார்வையில் பிரித்தறிவது கடினம். உறவினர் வீட்டில் "என்ன மாவில அவிச்சனீங்கள்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழும் குரக்கன் (கேழ்வரகு) புட்டும் தம்மளவில் பத்தியத்துக்கு ஏற்றவை.

அடுக்களையில் எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்க வேண்டாம்

எல்லாவற்றையும் இரட்டையாக வாங்கத் தேவையில்லை. எவர்சில்வர் பாத்திரம், குக்கர், கரண்டி, தட்டு சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். பிரிக்க வேண்டியவை: இரும்புத் தோசைக்கல், சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டி, சல்லடை, இடியாப்ப அச்சு, பொரிக்கும் எண்ணெய். துளை, இடுக்கு, நார் உள்ள பொருளில் மாவு தங்கும் என்பதே காரணம்.

இதில் தோசைக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழகிய கல்லை யாரும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. பழக்கம் போய்விடும், தோசை ஒட்டும். வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் துடைப்பதோடு சரி. இரவு சப்பாத்தி சுட்ட கல்லில் காலையில் அவருக்குத் தோசை. மேல்மாவு கருகி விளிம்பில் படிந்திருப்பதை அந்த வெங்காயம் எடுக்காது. எண்ணெயோடு குழைத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். சூட்டில் குளூட்டன் அழியும் என்று நினைப்பதும் தவறு. கிருமிதான் சாகும், இது புரதம், கருகினாலும் நம்பிவிட முடியாது. ஆகவே அவருக்கென்று ஒரு கல், அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கும் விளக்கம் சொல்லாமலே அது புரியும்.

மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள். சப்பாத்தி மாவு பிசையும் நாளில் அவருடைய சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, பிறகு மாவு டப்பாவைத் திறங்கள். அலமாரியில் அவருடைய மாவுகள் மேல்தட்டில், கோதுமை கீழ்த்தட்டில். கொட்டினால் கீழேதான் கொட்டும். ஜாம், வெண்ணெய், ஊறுகாய் ஜாடியில் ரொட்டி தொட்ட கரண்டி போகக் கூடாது. அவருக்குச் சின்ன ஜாடியில் தனியாக எடுத்துவைப்பதே எளிது.

நோயாளி சமைக்காத ஆளாக இருந்தால், உணவு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது சமைக்கிறவரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். கணவருக்கு ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு அனுப்பினால், வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம் சொல்வது "கோதுமை கூடாதாம்" என்ற இரண்டு சொல்தான். பெருங்காயமும் தோசைக்கல்லும் அங்கேயே விடுபட்டுப் போகும்.

வெளியே சாப்பிடும்போது 'குளூட்டன்' என்ற சொல் உதவாது. சாமான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "அண்ணே, கோதுமை, மைதா, ரவை மூணும் எனக்கு ஆகாது, ஆஸ்பத்திரியில சேர்க்கிற மாதிரி ஆயிடும். தோசை மாவுல ரவை, மைதா கலப்பீங்களா? பரோட்டா போடுற கல்லுலயா தோசை ஊத்துறீங்க?" 'ஒத்துக்காது' என்று மட்டும் சொன்னால் விருப்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆவியில் வெந்த இட்லி, வெறும் சோறு, தயிர், வாழைப்பழம், அவித்த முட்டை ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. பஜ்ஜி கடலைமாவுதான், ஆனால் அது பொரிந்த எண்ணெயில் சமோசாவும் பூரியும் பொரிந்திருக்கும். கல்யாணப் பந்தியில் இலை போட்டபின் ஒவ்வொன்றையும் விசாரிக்க முடியாது. சமையல்காரரை முன்னதாகப் பார்த்துக் கேட்டுவிடுங்கள், அல்லது சாப்பிட்டுவிட்டுப் போய் இலையில் மோர்ச்சோறு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தோலிக்கருக்கு நற்கருணை அப்பம் கோதுமை. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தையோ, திராட்சை இரசத்தை மட்டுமோ பெறலாம் என்று வத்திக்கான் 2003-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பங்குத் தந்தையிடம் முன்கூட்டிச் சொன்னால் ஏற்பாடு செய்வார்.

தவறும் மனமும்

பத்தியம் என்ற சொல்லே இங்கே கொஞ்சம் இடறுகிறது. நம் வழக்கில் பத்தியம் ஒரு மண்டலம் இருந்துவிட்டு முறிப்பது. சீலியாக் பத்தியத்துக்கு முறிக்கும் நாள் இல்லை. உடம்பு தேறியதும் "இப்பதான் நல்லாயிட்டியே, ஒரு வாய் சாப்பிடு" என்று அத்தையோ பெரியம்மாவோ ஊட்டவரும் தருணம்தான் மிகக் கடினமானது. அது அன்பு, சண்டையிட்டுத் தள்ள முடியாது. தேறியது பத்தியத்தால்தான், நோய் போகவில்லை என்பதை நோயாளிக்குப் பதில் வீட்டில் இன்னொருவர் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். உதவி என்பது பெரும்பாலும் இதுதான்.

சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களே அதிகம் தவறுகிறார்கள். வயிறு வலிக்கவில்லை என்பதற்காகக் குடல் புண்படவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு முறை தவறிவிட்டால் அதை முறிக்க மாத்திரை எதுவும் கிடையாது. குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் என்சைம்களை நம்பிச் சாப்பிடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடித்து, அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடர்ந்தால் போதும். அன்று என்ன, எங்கே, எதில் வெந்தது என்று எழுதிவைத்தால் மூன்றாவது முறை வரும்போது ஒளிவிடம் தெரிந்துவிடும். தொடக்க மாதங்களில் பால் குடித்ததும் வயிறு உப்பினால் கோதுமை கலந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். புண்பட்ட குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்திருக்கும்; குடல் ஆற ஆற அது சரியாகும். அதுவரை தயிர், மோர்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் (முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு கூடுதல்) "ராத்திரி சப்பாத்தி" என்ற வழக்கமான அறிவுரை இவருக்குச் செல்லாது. வெறும் வெள்ளைச் சோற்றுக்கு மாறினால் நார்ச்சத்து குறைந்து சர்க்கரையும் எடையும் ஏறும். வீட்டில் அரைத்த சோள அடை, சாமைச் சோறு, பாசிப்பயறுத் தோசை, தட்டில் பாதி காய் என்று மாற்ற வேண்டும்.

சீலியாக்கில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனையை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பாருங்கள். கூடவே ஹீமோகுளோபின், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி. எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை அளந்துவிட வேண்டும். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வழி சரி. இயல்புக்கு வந்துவிட்டாலும் குடல் முழுதாக ஆறியதாகக் கொள்ள முடியாது. பெரியவர்களில் இரண்டாண்டில் மூன்றில் ஒருவருக்கும், ஐந்தாண்டில் மூன்றில் இருவருக்கும்தான் குடல் சுவர் ஆறியிருந்தது என்று 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பொறுமை வேண்டும், பயம் வேண்டாம்.

வீட்டிலிருந்து கோதுமையையே எடுத்துவிடலாம் என்று சில குடும்பங்கள் முடிவெடுப்பதுண்டு. வேலை பாதியாகக் குறையும், நல்ல முடிவு. ஆனால் அதற்கு முன் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நெருங்கிய இரத்த உறவில் சுமார் 7.5 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்க வாய்ப்புண்டு. கோதுமையை நிறுத்தியபின் பார்த்தால், நோய் இருந்தும் முடிவு இல்லை என்று காட்டிவிடும். பிறகு உறுதிசெய்ய வாரக்கணக்கில் அவர்களுக்கு மறுபடி கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.